மேற்கே நீளும் ராகு காலம்

விமானம் இன்னும் நகரவில்லை. என் கடிகாரத்தில் மணி பத்து இருபத்தாறு. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். இந்த நான்கு நிமிடத்துக்குள் சக்கரம் ஒரு முழம் உருண்டால்கூடப் போதும், புறப்பட்டதாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். முதல் கையெழுத்து நல்ல நேரத்தில் விழுந்துவிட்டால் மீதிப் பக்கங்களை எப்போது போட்டாலும் தோஷமில்லை என்று எங்கள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு சமாதானம் உண்டு. முப்பத்தொரு வருஷம் அந்தச் சமாதானத்தை ஊருக்கெல்லாம் சொன்ன சார்பதிவாளர் சிவஞானம், ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்து, இடுப்பில் பெல்ட்டோடு உட்கார்ந்து அதைத் தனக்கே சொல்லிக்கொள்கிறான். ஒன்பது ஐம்பதுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் இது. அதற்காகவே தேர்ந்தெடுத்தேன். விடியற்காலையில் ஒன்று இருந்தது, டிக்கெட் போட்டுக் கொடுத்த பெண் அதையே எடுத்துக்கோங்க சார் என்றாள், அதை வியாழன் ராத்திரிக் கணக்கில் வைப்பதா வெள்ளிக் காலைக் கணக்கில் வைப்பதா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது, வேண்டாம் என்றேன். பயணம் தொடங்கியதாக இருக்கட்டும் என்று நேற்றே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை எதிர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன், காலையில் அதை எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பினேன். எல்லாம் செய்தாயிற்று. கடைசியில் யாரோ ஒரு பயணி ஏறவில்லையாம், அவருடைய பெட்டியைத் தேடிப் பிடித்து இறக்க வேண்டுமாம். அந்த மனுஷன் எங்கேயோ உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பான். பத்து இருபத்தெட்டு. தோஹாவில் என் மகள் சுகந்தி இருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் மார்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்திருக்கிறார்கள். நல்ல கட்டி இல்லை. நான் வருவது அவளுக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை, சரியாகச் சொன்னால் நான் பேசுவதில்லை. பத்து முப்பது. உருளவில்லை. முப்பத்தைந்து. பத்து நாற்பதுக்கு உருண்டது, ராகு காலத்துக்குள் பத்து நிமிடம் நன்றாக உள்ளே போன பிறகு.

மேலே ஏறும்போது காது அடைத்துக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரர் எச்சில் விழுங்குங்கய்யா என்றார். நாற்பது வயது இருக்கும், பெயர் இளவழகன், ஊர் அரியலூர் பக்கம், தோஹாவில் கிரேன் ஓட்டுகிறாராம், பெல்ட்டை மாட்டத் தெரியாமல் நான் திணறியபோதே அறிமுகமாகிவிட்டார். "முதல் தடவைங்களாய்யா?" "ஆமாம்." "ஒண்ணும் இல்லைங்கய்யா. ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம், அவ்ளோதான் தோஹா. போறப்ப கிட்டக்க இருக்கும். ஊருக்கு வர்றப்பதான் போய்க்கிட்டே இருக்கும்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார், மூடிய மறுநிமிடம் தூங்கியும் விட்டார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எவ்வளவு நேரம் என்று போன வாரமே போனில் தேடிப் பார்த்தவன் நான். சென்னைக்கும் தோஹாவுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய மூவாயிரத்து முன்னூறு கிலோமீட்டர். அதில்கூட ஒரு பக்கம் ஒரு எண் போட்டிருந்தது, இன்னொரு பக்கம் வேறு எண். பறக்கும் நேரம் நாலு மணி எட்டு நிமிடம் என்று ஒன்று, நாலரை என்று ஒன்று, நாலே முக்கால் என்று ஒன்று. ஒரே சொத்துக்கு மூன்று பேர் மூன்று அளவு சொன்னால் நான் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கே யாரிடம் திருப்பி அனுப்புவது. எதிரே இருக்கும் சின்னத் திரையில் இரண்டு மணி காட்டுகிறது, கிளம்பிய ஊரில் பத்து ஐம்பது, சேரும் ஊரில் எட்டு இருபது. இப்போது நான் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறேன். ராகு காலம் கடிகாரத்துக்கு இல்லை, சூரியனுக்கு. பொழுது ஏற ஏறத்தான் அது கழியும். நாங்களோ பொழுது போகும் திசையிலேயே போய்க்கொண்டிருக்கிறோம், மேற்கே. அப்படியானால் பொழுது மெதுவாகத்தான் ஏறும். டிக்கெட் தாளின் பின்பக்கம் பேனாவால் போட்டுப் பார்த்தேன். தரையில் இருப்பவனுக்கு ஒன்றரை மணி நேரம், இந்த வேகத்தில் மேற்கே பறக்கிறவனுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே வருகிறது. இரண்டு தடவை போட்டேன், அதேதான். ஊரில் எல்லாரும் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுவார்கள். நான் மட்டும் ஒரு மணி வரைக்கும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். சிரிப்பாகத்தான் இருந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை, இளவழகன் வாயைத் திறந்து தூங்குகிறார்.

நான் பிறக்கும்போதே பஞ்சாங்கத்தோடு பிறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது இருபத்தேழு வயது, கிண்டல் செய்கிறவன்தான். அலுவலகம்தான் என்னை மாற்றியது. தினமும் பார்க்க வேண்டுமே. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உள்ளே கால் வைக்க இடம் இருக்காது, பத்திர எழுத்தர்கள் மேஜைமேல் சாய்ந்து சார், பத்தரைக்குள்ள கூப்பிட்டுடுங்க சார், பார்ட்டி பயப்படுறாங்க சார் என்று கெஞ்சுவார்கள். பத்தரை அடித்ததும் தண்ணீர் வடிந்த குளம். பெஞ்சு காலி, வராந்தா காலி, மை ஒட்டும் மேஜையில் ஈ உட்கார்ந்திருக்கும். நிலம் வாங்க வருகிறவன், வீடு விற்க வருகிறவன், வக்கீல், டாக்டர், அறிவியல் வாத்தியார், ஒருவன்கூட உள்ளே இருக்க மாட்டான். இத்தனை பேருக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாமல் போகுமா என்று முதலில் தோன்றியது, பிறகு அதுவும் தோன்றவில்லை, நானே பத்தரைக்குப் பேனாவை மூடி வைக்க ஆரம்பித்தேன். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு ஓய்வு. கோடை விடுமுறையில் என் மனைவி மரகதம் சுகந்தியை என்னோடு அனுப்பிவிடுவாள், ஏழு வயது, எட்டு வயது. பத்தரை வரைக்கும் ரெக்கார்டு அறையில் உட்கார்ந்து படம் போடுவாள். கூட்டம் வடிந்ததும் ஓடி வருவாள். கைநாட்டு மையை எடுத்து பத்து விரலிலும் தடவி வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு விரலுக்கும் கீழே ஒரு பெயர் எழுதுவாள். இது விற்கிறவர், இது வாங்குறவர், இது சாட்சி. என்னிடம் ஏதேதோ கேட்பாள். நானும் பதில் சொல்வேன், வேறு வேலை இல்லையே. பன்னிரண்டுக்குக் கூட்டம் மறுபடியும் உள்ளே வரும், போம்மா என்று அனுப்பிவிடுவேன். இதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை. அவள்தான் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போனில் சொன்னாள், அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

எட்வின் என்று ஒரு பையன், தூத்துக்குடி, வேறு மதம். அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சுகந்தி வீட்டில் சொன்னாள், நான் மாட்டேன் என்றேன். ஜாதகம் பார்க்காமல் எப்படி என்று கேட்டேன். அவனுக்கு ஜாதகமே கிடையாதுப்பா என்றாள். மதம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் ஜாதகத்தைச் சொன்னேன். இப்போது முப்பத்தாறாயிரம் அடிக்கு மேலே இருந்துகொண்டு ஒப்புக்கொள்வதில் என்ன போகிறது. பதிவுத் திருமணத்துக்கு எழுதிக் கொடுத்தால் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும், தாம்பரம் அலுவலகத்தில் ஒட்டியிருந்தார்கள், அங்கே சார்பதிவாளராக இருந்த சம்பந்தம் எனக்குப் போன் செய்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பொண்ணு பேர் மாதிரி இருக்கு." இருக்கட்டும் என்றேன். முப்பது நாள் எனக்கு இருந்தது. செங்கல்பட்டில் என் அலுவலகம், அங்கிருந்து தாம்பரம் முப்பது கிலோமீட்டர், மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். போகவில்லை. முந்தின நாள் சுகந்தி கூப்பிட்டாள். "நாளைக்குப்பா. பத்தே முக்காலுக்கு வரச் சொல்லியிருக்காங்க. வருவீங்களா?" நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றேன். "தெரியும்." ராகு காலம் என்றேன். "அதுவும் தெரியும்ப்பா. நான்தான் அந்த நேரம் கேட்டேன். அப்பதான் கூட்டம் இருக்காது. உங்களுக்கும் வேலை இருக்காது. சின்ன வயசுல நீங்க என்கிட்ட நிதானமா பேசினதே ராகு காலத்துலதான்." விரல் மை, சாட்சி என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள், நான் போனை வைத்துவிட்டேன். திமிர் என்று நினைத்தேன். அப்பன் எதைத் தொட்டுக் கும்பிடுகிறானோ அதையே மிதித்துக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் பத்தே முக்காலுக்கு என் அலுவலகமும் காலியாகத்தான் இருந்தது. காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

திரையில் சின்ன விமானம் கரையைத் தாண்டிக் கடலுக்குள் வந்துவிட்டது. மணி பன்னிரண்டு ஐந்து. ஊரில் ராகு காலம் முடிந்தாயிற்று. சாப்பாடு வைத்தார்கள், சாதம், பருப்பு, ஒரு இனிப்பு, எல்லாம் மூடி மூடி இருந்தது. இளவழகன் எழுந்து ஐந்தே நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து, "தயிர் வேணாம்னா குடுங்கய்யா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடியும் தூங்கினார். மரகதம் இந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருப்பாளா. இனிப்பை எடுத்துக் கைப்பைக்குள் வைத்திருப்பாள், பேத்திக்கு. ஆமாம், அவளும் இந்த வழியாகத்தான் வந்தாள். அப்போது எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் அவள் தங்கைக்கு முட்டி அறுவை, இருபது நாள் கூட இருக்க வேண்டும் என்று சொல்லி ரயிலுக்குப் போனாள். நான்தான் ஆட்டோ வைத்துக் கொடுத்தேன். தினமும் ராத்திரி ஏழரைக்குக் கூப்பிடுவாள். சாதம் குழைந்துவிட்டது என்று நான் புலம்புவேன். "மூணு விசில்ல அடுப்ப அணைங்க. தண்ணிய ஒரு டம்ளர் குறைங்க" என்பாள். பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்கும், யாரது என்பேன், பக்கத்து வீட்டுல என்பாள். நாலு வருஷத்துக்கு முன்னால் மரகதம் இறந்துபோனாள், தூக்கத்திலேயே. சுகந்தி வந்தாள், மூன்று நாள் இருந்தாள், அவள் கூடத்தில் இருந்தால் நான் அறைக்குள் இருந்தேன். சுகந்தி திரும்பிப் போன பிறகு பீரோவை ஒழித்தபோது பட்டுப்புடவைக்கு அடியில் பாஸ்போர்ட் கிடைத்தது. மரகதத்தின் முகம், பொட்டோடு, பயந்துபோய்க் காமிராவைப் பார்த்துக்கொண்டு. உள்ளே தோஹா முத்திரை. தேதியைப் பார்த்தேன், முட்டி அறுவைத் தேதி. கோயம்புத்தூருக்கு ரயிலில் எட்டு மணி நேரம். தோஹா அதைவிடக் கிட்ட. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. என் சாதத்துக்கு அவள் அங்கிருந்து விசில் எண்ணிக்கொண்டிருந்தாளே என்றுதான் நினைத்துக்கொண்டே இருந்தேன். என்னைச் சுற்றிப் போக எல்லாரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், சாலை நடுவே நிற்கும் கல்லைச் சுற்றிப் போவதுபோல. யாரும் கல்லைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அது இருக்கட்டும். நான் நினைக்க வேண்டியது வேறு. அதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் மரகதத்தையும் கோயம்புத்தூரையும் இழுத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு வாரம் முன்னால் செவ்வாய்க்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண். "மாமா, நான் எட்வின் பேசுறேன். தோஹாவுல இருந்து." வெட்டிவிடலாம் என்று விரல் போனது. "வச்சிடாதீங்க மாமா. சுகந்திக்கு உடம்பு சரியில்ல." பிறகு அவன் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது, கட்டி, அறுவை, பரிசோதனை முடிவு, இனி ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும், பாப்பாவுக்கு அம்மா தலையைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "நீங்க வந்தா நல்லாருக்கும் மாமா. அவகிட்ட சொன்னா வேண்டாம்னுடுவா. நீங்க வந்து இறங்குங்க, மத்தத நான் பார்த்துக்கிறேன்." குரல் உடைந்துபோனது. நல்ல பையன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவன் உடம்பு சரியில்லை என்று சொன்ன அந்த இடத்துக்கும், நல்ல பையன் என்று நான் நினைத்த இடத்துக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை. கட்டி என்ற வார்த்தை காதில் விழுந்தது, அது உள்ளே போய் என் பிள்ளை என்று ஆவதற்கு முன்னால், எனக்கு முதலில் தோன்றியது ஒரே ஒரு வார்த்தை. பார்த்தியா.

பார்த்தியா. சத்தமாகச் சொல்லவில்லை. ஒரு கண் இமைப்பு நேரம்கூட இருக்காது. அடுத்த நொடியே பேப்பர் கீழே விழுந்தது, ஐயோ என்றேன், அழுதேன், அதெல்லாம் உண்மை. ஆனால் அது இரண்டாவது. முதலில் வந்தது அது. வந்தபோது எப்படி இருந்தது என்றும் எனக்குத் தெரியும், அதுதான் சகிக்கவில்லை. ஒரு திருப்தி இருந்தது. நான் சொன்னேனே என்று ஒரு நிமிர்வு. அப்படியானால் ஒன்பது வருஷமாக நான் இதற்காகவா காத்திருந்தேன். அவள் நன்றாக இருக்கிறாள் என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே எங்கேயோ, பார்க்கலாம் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தேனா. வேலை போகும், பிரிந்து வருவாள், வாசலில் வந்து நிற்பாள், நீங்க சொன்னது சரிப்பா என்பாள் என்று. வியாதியை நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு யார் வருவார்கள் என்று நான் பார்க்கவில்லை என்றால் அது ஒரு நியாயமா. என் முகத்தில் எல்லாம் தெரியும். மரகதம் அடிக்கடி சொல்வாள், உங்க மூஞ்சி ஒரு நோட்டீஸ் போர்டு, எது ஒட்டினாலும் ஊருக்கே தெரியும். சுகந்தி என்னைப் பார்த்ததும் படித்துவிடுவாள். இல்லையென்றால் கேட்பாள். சின்ன வயசிலேயே அப்படித்தான், சுற்றி வளைக்க மாட்டாள். விஷயம் கேட்டதும் என்னப்பா நினைச்சீங்க என்று கேட்டால் என்ன சொல்வேன். துடிச்சுப் போயிட்டேன்மா. இது பொய் இல்லை. சாட்சி கையெழுத்தும் போடுவேன். ஆனால் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து பதிகிற பத்திரம் அது.

கீழே கடல் அசையாமல் கிடக்கிறது. திரையில் இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் என்று காட்டுகிறது, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாலும் ஒரு மணி நாற்பதுதான். மணி ஒன்று ஆயிற்று. என் கணக்குப்படி இப்போது வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்தது தெரியவே இல்லை, கரண்டு போய் வந்தால்கூட ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்று உறைத்தது. தோஹாவில் இப்போதுதான் பத்தரை. அங்கே அவளுக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது. என்னுடையது முடியவும் அவளுடையது தொடங்கவும் சரியாக இருக்கிறது. பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன். போதும். அவள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள். படுத்திருப்பாளா. வலது பக்கமா இடது பக்கமா என்றுகூட நான் எட்வினிடம் கேட்கவில்லை, அப்பன் அதை எப்படிக் கேட்பது. அவளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது இடது கை பக்கம்தான் தூங்குவாள், திருப்பிப் போட்டால் அழுவாள். எனக்கு இது ஞாபகம் இருக்கிறது, விரல் மை ஞாபகம் இல்லை, மனசு எதை வைத்துக்கொண்டு எதை எறிகிறது என்று யார் கண்டது. பயமாக இருக்கிறது. அவள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பரவாயில்லை, அதற்கு நான் பழகியவன், நான்தானே ஆரம்பித்து வைத்தேன். அப்பா என்று சொல்லி அழுதுவிட்டால்தான் பயம். அழுகிறவள் தலையில் கை வைக்கும்போது அந்த வார்த்தையும் என் கையோடு போய் அவள் தலையில் உட்காரும். திரும்பிப் போய்விடலாமா. இறங்கியதும் அடுத்த விமானத்துக்கு ஒரு டிக்கெட். எட்வினிடம் உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடலாம். போகிறபோது கிட்ட, வருகிறபோது தூரம் என்றாரே இவர். எனக்குப் போவதே முடியவில்லை. முப்பது கிலோமீட்டர் போகாதவன் மூவாயிரத்து முன்னூறு கிலோமீட்டர் போகிறேன். அன்றைக்கு முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம்.

மணல் நிறத்தில் தரை தெரிந்தது. இளவழகன் யாரும் எழுப்பாமலேயே எழுந்து, முகத்தைத் துடைத்து, தலை சீவிக்கொண்டார். "பொண்ணு வீட்டுக்குங்களாய்யா?" "ஆமாம்." "குடுத்து வச்சவரு. எம்பொண்ணு வாசல்லயே நிக்கிறா, நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். பாத்தா கால் வராது." என்ன வயது என்று கேட்டேன். ஒன்பது என்றார். சக்கரம் தரையைத் தொட்டதும் ஒரு குலுக்கல், எல்லாரும் ஒரே நேரத்தில் பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம், இருங்கள் இருங்கள் என்று ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல முக்கால்வாசிப் பேர் எழுந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் எழுந்து நடைபாதையில் நின்றேன். எனக்கு முன்னால் முப்பது பேர், பின்னால் ஒரு நூறு பேர். போனைப் போட்டேன். வெளிநாட்டில் வேலை செய்யும் என்று கடைக்காரர் போட்டுக் கொடுத்த திட்டம் வேலை செய்தது. செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன, படிப்பதற்குள் மணி அடித்தது. எட்வின் எண். எடுத்தேன்.

"அப்பா."

எட்வின் இல்லை.

"எங்க இருக்கீங்க?"

"ப்ளைட்டுக்குள்ளதாம்மா. கதவு இன்னும் தொறக்கல."

"கார்ல உக்காத்தி வச்சு ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டு இப்பதான் சொல்றார். சும்மா காத்தாட ஒரு ரவுண்டுன்னு சொன்னார்." மூச்சு வாங்குவது கேட்டது. குரல் மெலிந்திருந்தது, ஆனால் அவள் குரல்தான். "என்னால ரொம்ப நேரம் உக்கார முடியாதுப்பா. அதனால நேரா கேட்டுடறேன். எங்கம்மா செத்தப்பக்கூட என்கிட்ட பேசல நீங்க. இப்ப வந்திருக்கீங்க. விஷயம் கேட்டதும் என்ன நினைச்சீங்க?"

இரண்டாம் பக்கம் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. பின்னால் நின்றவர் என் தோளில் பையை இடித்தார். கதவு பக்கம் ஏதோ அசைந்து, வரிசை ஒரு அடி நகர்ந்து நின்றது. எனக்கு அறுபத்தைந்து வயது. இனி எதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது.

"பார்த்தியான்னு நினைச்சேன்மா" என்றேன். "முதல்ல அதுதான் தோணிச்சு. அப்புறம்தான் அழுதேன்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். காரைத் திருப்பச் சொல்லிவிடுவாள். இளவழகன் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் அதாம்ப்பா" என்றாள்.

"என்னம்மா?"

"டாக்டர் ரிப்போர்ட்டப் படிச்சுச் சொல்லிக்கிட்டு இருக்கார். எனக்கு எதுவும் காதுல விழல. பத்தே முக்கால், வெள்ளிக்கிழமைன்னுதான் ஓடிச்சு. பார்த்தியான்னு. உங்க குரல்லயே. தினமும் ஓடுதுப்பா. ஊசி போடறப்ப, குளிக்கறப்ப. எட்வின்கிட்ட எப்படிச் சொல்றது? நம்ம கல்யாணத்தாலதான்னு நினைக்கிறேன்னு சொல்ல முடியுமா? யார்கிட்டயும் சொல்லல."

நான் இருக்கை முதுகைப் பிடித்துக்கொண்டேன். நடக்கும் என்று நான் பயந்தது இனிமேல்தான் நடக்கப்போகிறது என்று இத்தனை நேரமும் நினைத்திருந்தேன். அது எப்போதோ நடந்துவிட்டது. என் வார்த்தை எனக்கு முன்னாலேயே இங்கே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அந்த ஆஸ்பத்திரி அறையில், துணைக்கு வேறு யாரும் இல்லாமல். என் பிள்ளையை நான் அங்கே அதோடு தனியாக விட்டிருக்கிறேன்.

"சுகந்தி, நான் சொல்றதக் கேளு. முப்பத்தோரு வருஷம் அந்த நாற்காலில உக்காந்திருந்தேன். ரத்துப் பத்திரம் எழுத வந்தவன், கோர்ட்டுக்குப் போனவன், வாங்கின வீட்டுல ஒரு வருஷம்கூட இருக்காம செத்தவன், அத்தனை பேரும் நல்ல நேரம் பார்த்துப் பதிஞ்சவங்க. என் கையால முத்திரை போட்டேன். ராகு காலத்துல பதிஞ்சு கெட்டுப்போனது எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுகூட இல்ல."

"ராகு காலத்துலதான் யாருமே வரமாட்டாங்களேப்பா. அப்புறம் எப்படிக் கெடும்?" என்றாள். அவளை ஏமாற்ற முடியாது. "இது கணக்குல சேராது."

"சேரும்" என்றேன். "நான் ரிஜிஸ்ட்ரார். நான் சொல்றேன். சேரும்."

கதவைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, முன்னால் எல்லாரும் நடக்க ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து போங்க போங்க என்றார்கள். நான் நகரவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா."

"ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

"இன்னொரு தடவ."

சொன்னேன்.